பாங்காக் பெரிய அரண்மனையும் மரகத புத்தர் கோயிலும்: முதல்முறை போகிறவர்களுக்கு

காலை எட்டரை மணிக்கு வாசலில் இருங்கள். இந்தக் கட்டுரையில் சொல்லப்போகும் எல்லாவற்றிலும் முக்கியமானது அதுதான், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்து மணிக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகள் வரிசையாக வந்து நிற்கும். பதினொன்றுக்கு வெயில் மண்டையைப் பிளக்கும். எட்டரைக்கு நுழைந்தவருக்குக் கிடைக்கும் ஒரு மணி நேர அமைதி, அதற்குப் பிறகு அன்று முழுக்க யாருக்கும் கிடைக்காது.

நான் முதல்முறை போனபோது பதினொரு மணி. கூட்டத்தோடு கூட்டமாக நகர்ந்தேன், பளபளப்பு மட்டும் கண்ணில் நிற்க வெளியே வந்தேன். கோயிலைச் சுற்றியுள்ள சுவர் முழுக்க இராமாயணம் வரைந்திருக்கிறது என்பது விடுதிக்குத் திரும்பிய பிறகுதான் தெரிந்தது. இரண்டாம் முறை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அம்மா அந்தச் சுவரில் ஓர் இடத்தில் நின்று, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இது மயில்ராவணன் கதைதானேப்பா?” என்றார். ஆமாம், அதேதான். எந்தப் புத்தகமும் வழிகாட்டியும் இல்லாமல், சின்ன வயதில் கேட்ட கதையை வைத்துக்கொண்டு அம்மா அந்தச் சுவரைப் படித்துவிட்டார். உங்களாலும் முடியும். அதற்கு வேண்டிய நேரத்தை மிச்சப்படுத்தத்தான் மற்ற ஏற்பாடுகள் எல்லாம்.

இது என்ன இடம்

1767-இல் பர்மியப் படையெடுப்பில் பழைய தலைநகரான அயுத்தயா அழிந்தது. அந்தப் பெயர் நம் அயோத்திதான். அதற்குப் பின் தக்சின் மன்னர் ஆற்றின் மேற்குக் கரையில் தோன்புரியில் இருந்து ஆண்டார். 1782-இல் அரியணை ஏறிய முதலாம் ராமா, தலைநகரைக் கிழக்குக் கரைக்கு மாற்றி இந்த அரண்மனையைக் கட்டத் தொடங்கினார். அங்கே குடியிருந்த சீன வணிகர்கள் தெற்கே சாம்பெங் பகுதிக்கு மாற்றப்பட்டார்கள். இன்றைய சைனா டவுன் அப்படித்தான் வளர்ந்தது. இடிந்து கிடந்த அயுத்தயாவின் செங்கற்களைப் பெயர்த்துப் படகில் கொண்டுவந்து புதிய நகரின் சுவர்களுக்குப் பயன்படுத்தினார்கள். அழிந்த ஊரையே மறுபடி எழுப்பிவிட வேண்டும் என்ற தவிப்பு அந்தத் தலைமுறைக்கு இருந்திருக்கிறது. கோயிலின் அமைப்பும் அயுத்தயா அரண்மனைக்குள் இருந்த கோயிலைப் பார்த்து அமைத்ததுதான்.

மொத்தப் பரப்பு 2,18,400 சதுர மீட்டர், ஏறக்குறைய 54 ஏக்கர். சுற்றுமதில் 1,900 மீட்டர். இந்த ஒரே மதிலுக்குள் இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்று அரண்மனை. இன்னொன்று வாட் ப்ரா கேவ் என்கிற மரகத புத்தர் கோயில். ‘வாட்’ என்றால் கோயில். மற்ற தாய்லாந்துக் கோயில்களில் துறவிகள் தங்கியிருப்பார்கள். இங்கே யாரும் தங்குவதில்லை. இது அரசரின் சொந்த வழிபாட்டிடம். அரசர்கள் இங்கே வசிப்பது 1925-ஓடு நின்றுவிட்டது. ஆனால் முடிசூட்டு விழா, அரச குடும்பத்துச் சடங்குகள் எல்லாம் இன்றும் இங்கேதான் நடக்கின்றன.

பாங்காக்கை அந்த ஊர்க்காரர்கள் ‘கிருங் தெப்’ என்பார்கள், தேவர்களின் நகரம் என்று பொருள். நகரின் பழைய பகுதிக்கும் இந்த அரச காலத்துக்கும் ‘ரத்தனகோசின்’ என்று பெயர். அதில் வரும் ரத்தினம் இந்தக் கோயிலுக்குள் இருக்கும் புத்தர்தான்.

கிளம்பும் முன்

அரச குடும்பச் சடங்குகள் இருக்கும் நாட்களில் முழு வளாகத்தையோ சில மண்டபங்களையோ மூடிவிடுவார்கள். அதனால் போகிற வாரத்தில் அரண்மனையின் அதிகாரப்பூர்வ இணையதளத்தை ஒருமுறை பாருங்கள். டிக்கெட்டையும் அங்கேயே எடுத்துக்கொள்ளலாம். வெளிநாட்டவருக்குக் கட்டணம் 500 பாட். உள்ளூர்க்காரர்களுக்கு இலவசம், அதனால் அவர்கள் வரிசை வேறு. டிக்கெட் விற்பனை மாலை மூன்றரை மணியோடு முடிந்துவிடும். 500 பாட் கொஞ்சம் அதிகமாகத் தோன்றலாம். ஆனால் அதே டிக்கெட்டில் ராணி சிரிகிட் துணி அருங்காட்சியகமும், வேறோர் அரங்கில் நடக்கும் கோன் முகமூடி நாடகமும் சேர்த்தி. டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

உடை விஷயத்தில் கண்டிப்பு அதிகம். தோள் மூடியிருக்க வேண்டும், முழங்கால் மூடியிருக்க வேண்டும். அரைக்கால் சட்டை, கையில்லாத மேல்சட்டை, உடல் தெரியும் மெல்லிய துணி, கிழிசல் வைத்த ஜீன்ஸ், உடம்போடு ஒட்டிய லெக்கிங்ஸ் எதற்கும் அனுமதி இல்லை. சால்வையைப் போர்த்திச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள், வாசலில் திருப்பி அனுப்புவார்கள். பெண்களுக்குச் சுடிதாரும் புடவையும் மிகப் பொருத்தம். ஆண்களுக்குப் பருத்தி முழுக்கால் சட்டையும் அரைக்கை சட்டையும் போதும். ஜீன்ஸ் வேண்டாம் என்பேன், அந்த வெயிலில் அது தண்டனை. காலணி சட்டென்று கழற்றி மாட்டக்கூடியதாக இருக்கட்டும்.

ஒரு தண்ணீர் பாட்டில், குடை, வயதானவர்கள் கூட வந்தால் விசிறி. நவம்பர் முதல் பிப்ரவரி வரை கொஞ்சம் இதமான காலம். ஏப்ரலில் போவதென்றால் காலை எட்டரை என்பதில் ஒரு நிமிடம்கூடத் தளர வேண்டாம்.

போய்ச் சேரும் வழி

விமான நிலையத்திலிருந்து நேராக வருவதென்றால், சுவர்ணபூமி விமான நிலைய ரயிலில் மக்காசான் வரை வந்து, அங்கே பெட்சபுரி நிலையத்தில் சுரங்க ரயிலுக்கு மாறி, நீலப் பாதையில் சனம் சாய் நிலையத்தில் இறங்க வேண்டும். நகரத்துக்குள் எங்கே தங்கியிருந்தாலும் இந்தச் சனம் சாய்தான் அரண்மனைக்கு மிகப் பக்கத்தில் உள்ள ரயில் நிலையம். நிலையத்தையே அரண்மனை மண்டபம் போலத் தூண்களும் பொன்னிற வேலைப்பாடும் வைத்துக் கட்டியிருக்கிறார்கள், நிதானமாக ஏறி வாருங்கள். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நிலையம் இருப்பது தெற்கே, அரண்மனையின் வாசல் இருப்பது வடக்கே, நா ப்ரா லான் சாலையில். மதிலை ஒட்டி இருபது நிமிடமாவது நடக்க வேண்டும். முட்டி வலி உள்ளவர்களைக் கூட்டி வந்தால் இதைக் கணக்கில் வையுங்கள்.

எனக்குப் பிடித்த வழி படகு. வான்ரயிலில் சபான் தக்சின் நிலையத்தில் இறங்கினால் கீழேயே சாத்தோன் படகுத்துறை. ஆரஞ்சுக் கொடி கட்டிய விரைவுப் படகில் சாவோ பிரயா ஆற்றில் வடக்கே போய் தா சாங் துறையில் இறங்குங்கள். ‘சாங்’ என்றால் யானை; அரண்மனை யானைகளைக் குளிப்பாட்டிய துறை அது. அங்கிருந்து வாசல் ஐந்து நிமிட நடை. படகு திரும்பும்போது மதிலுக்கு மேல் பொன்னிறக் கூம்புகள் ஒவ்வொன்றாக எழுந்து வருவதைப் பார்க்கலாம். அந்தக் காலத்தில் தலைநகருக்கு வந்தவர்களும் ஆற்று வழியாகத்தான் வந்தார்கள்.

அப்புறம், வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் ஒருவர் சிரித்த முகத்தோடு வந்து, “இன்று அரண்மனை மூடியிருக்கிறது, புத்த விரதநாள்” என்றோ “மதியத்துக்கு மேல்தான் திறப்பார்கள்” என்றோ சொல்வார். நல்ல சட்டை போட்டிருப்பார், கழுத்தில் அடையாள அட்டைகூடத் தொங்கலாம். பக்கத்தில் ஒரு டுக்-டுக் தயாராக நிற்கும். இருபது பாட்டுக்கு மூன்று கோயில் காட்டுகிறேன் என்பார்கள். அது கடைசியில் ரத்தினக் கடையிலோ தையல் கடையிலோ போய் நிற்கும். பாங்காக்கில் பல ஆண்டுகளாக நடந்து வரும் ஏமாற்று இது. என்னோடு வந்த உறவினர் ஒருவர் இதில் மாட்டி அரை நாளையும், தரமில்லாத ஒரு நீலக்கல்லுக்குக் கொடுத்த பணத்தையும் இழந்தார். அவர் நம்பியதில் தவறில்லை, அவ்வளவு பணிவாகப் பேசுவார்கள். நீங்கள் ஒரே ஒரு விதியை வைத்துக்கொள்ளுங்கள்: அரண்மனை மூடியிருக்கிறது என்பதை மூடிய வாசலை நேரில் பார்த்தால் ஒழிய நம்பாதீர்கள். புன்னகையோடு தலையசைத்துவிட்டு நடந்துகொண்டே இருங்கள்.

உள்ளே: முதலில் மூலவர்

உள்ளே நுழைபவர்களில் பெரும்பாலோர் கண்ணைப் பறிக்கும் தங்கக் கோபுரத்துக்குப் போய்ப் படம் எடுக்கத் தொடங்குவார்கள். நீங்கள் நேராகப் புத்தரிடம் போங்கள். தங்கம் எங்கும் போய்விடாது.

போகிற வழியில், கோயிலின் மேற்குப் பக்கத்தில் ஒரு கரிய வெண்கல முனிவர் உட்கார்ந்திருப்பார். முன்னால் மருந்து அரைக்கும் கல். புத்தருக்கு வைத்தியம் பார்த்த சீவகர் அவர். உடம்பு சரியில்லாதவர்களுக்காக அந்த ஊர்க்காரர்கள் இங்கே நின்று வேண்டிக்கொள்வார்கள். கூட்டம் அவரைக் கவனிக்காமல் கடந்து போகும். ஒரு நிமிடம் நில்லுங்கள்.

புத்தர் இருக்கும் மண்டபத்துக்குள் காலணி, தொப்பி, கறுப்புக் கண்ணாடி எதுவும் கூடாது. நிலைப்படியை மிதிக்காமல் தாண்டிச் செல்லுங்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுதான். உள்ளே புகைப்படம் எடுக்கக் கூடாது, கைப்பேசியைப் பையில் போட்டுவிடுங்கள். தரையில் உட்காரும்போது பாதங்கள் புத்தரை நோக்கி நீளக் கூடாது. முட்டியை மடக்கிக் கால்களைப் பின்பக்கமாகச் சாய்த்து உட்காருவது அவர்கள் வழக்கம். கை குவித்து வணங்க நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இப்போது நிமிர்ந்து பாருங்கள். மிக உயரத்தில், பொன் பீடத்துக்கு மேல், ஒன்பது அடுக்குக் குடையின் கீழ் சின்னஞ்சிறு பச்சை உருவம். உயரம் 66 சென்டிமீட்டர்தான். மரகதம் என்று பெயரே தவிர, கல் ஜேடு வகையைச் சேர்ந்த பச்சைக்கல் என்பார்கள். 1434-இல் வடக்கே சியாங் ராயில் மின்னல் தாக்கிப் பிளந்த ஒரு தூபிக்குள் சுண்ணச் சாந்து பூசிய சிலையாக இவர் கிடைத்தார் என்று பழைய வரலாற்று ஏடுகள் சொல்கின்றன. மூக்கில் சாந்து உதிர்ந்து பச்சை தெரிந்த பிறகுதான் உள்ளே இருப்பது என்னவென்று புரிந்ததாம். சியாங் மாய்க்குக் கொண்டுபோக யானைமேல் ஏற்றினால், யானை மூன்று முறையும் லம்பாங் பக்கமே ஓடியது என்பதும் அதே ஏடுகளின் கதை. அதனால் லம்பாங்கில் சில காலம் இருந்தார். பிறகு சியாங் மாய், இன்றைய லாவோஸில் உள்ள லுவாங் பிரபாங், வியந்தியான் என்று ஊர் ஊராகப் போனார். வியந்தியானில் மட்டும் இருநூறு ஆண்டுகளுக்கு மேல். 1779-இல் சியாம் படை (சியாம் தாய்லாந்தின் பழைய பெயர்) அங்கிருந்து எடுத்து வந்தது. அந்தப் படைத்தலைவர்தான் பின்னால் முதலாம் ராமாவாக முடிசூடினார். ஆற்றுக்கு அக்கரையில் வாட் அருணில் வைத்திருந்து, 1784-இல் இந்த மண்டபத்துக்குக் கொண்டுவந்தார்கள். லாவோஸ் மக்களுக்கு அந்த இழப்பு இன்னும் நினைவிருக்கிறது. வியந்தியானில் அவர் இருந்த கோயில், மறுபடி கட்டப்பட்டு, ஹோ ப்ரா கேவ் என்ற பெயரிலேயே இன்றும் நிற்கிறது.

அவர் உடுத்தியிருப்பதையும் கவனியுங்கள். கோடை, மழை, குளிர் என்று மூன்று பருவத்துக்கும் மூன்று பொன்னாடைகள். மார்ச், ஜூலை அல்லது ஆகஸ்ட், நவம்பர் வாக்கில் ஆடை மாற்றும் சடங்கு நடக்கும். மாற்றுவது அரசர். முதலாம் ராமா செய்து தந்தது இரண்டு ஆடைகள். குளிர்கால ஆடையைச் சேர்த்தது மூன்றாம் ராமா. வெயிலுக்கும் குளிருக்கும் பார்த்துப் பார்த்து உடுத்திவிடுவது நமக்குப் பழக்கமான அன்புதானே. அப்போது உடுத்தாத ஆடைகளை வளாகத்திலேயே உள்ள நாணயம், அரசச் சின்னங்கள் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

வெளியே வந்ததும் மண்டபத்தின் அடிப்பகுதியைச் சுற்றி நடங்கள். நாகங்களைப் பிடித்தபடி 112 கருடர்கள் மொத்த மண்டபத்தையும் தாங்கி நிற்கிறார்கள். பக்கத்தில் தாமரை மொட்டை நீரில் தோய்த்துத் தலையில் தெளித்துக்கொள்ளும் இடம் இருக்கும். நீங்களும் தெளித்துக்கொள்ளலாம், வேற்றாள் என்று யாரும் பார்க்க மாட்டார்கள்.

மேல்தளம்

வரிசையாக மூன்று கட்டடங்கள். தங்கத் தூபியில் புத்தரின் திருவெச்சம் இருக்கிறது. நடுவில் உள்ள மண்டபம் திரிபிடகம் என்ற புத்த மறைநூல் ஏடுகளின் நூலகம். பெயரே ‘மொந்தோப்’, நம் மண்டபம். மூன்றாவதில் முதலாம் ராமா தொடங்கிய சக்ரி வம்சத்து அரசர்களின் சிலைகள் உள்ளன. அதை வழக்கமாக வம்சத்தின் நாளான ஏப்ரல் 6 அன்று திறப்பார்கள். பக்கத்தில் கல்லில் ஒரு சிறிய அங்கோர்வாட் இருக்கும். கம்போடியா சியாமின் கீழ் இருந்த காலத்தில் நான்காம் ராமா செய்யச் சொன்ன மாதிரி அது. பொன்னிறக் கின்னரிகளோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இருபது நிமிடம் போதும். இதற்குள் வெயில் ஏறியிருக்கும், நிழலுக்குப் போவோம்.

சுற்று மண்டபம்: ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்

கோயிலைச் சுற்றிக் கூரை போட்ட பிராகாரம் இருக்கிறது. அதன் உட்சுவர் முழுவதும் 178 பகுதிகளாக ராமகியன். ‘ராமகீர்த்தி’ என்பதன் அந்த ஊர் வடிவம். முதலாம் ராமா காலத்தில் வரைந்தது, பின்னால் வந்த அரசர்கள் காலத்தில் பலமுறை புதுப்பித்து எழுதியது. புகைப்படத்துக்குத் தடை இல்லை. கையால் மட்டும் தொட்டுவிடாதீர்கள், தங்க ரேக்கு ஒட்டிய ஓவியம்.

கதை வடக்கு வாசலில், விகான் யோட் கட்டடத்துக்கு எதிரே தொடங்கும். ஏர் உழும் சனக மன்னரைத் தேடுங்கள், பேழையில் குழந்தை சீதை இருப்பாள். அங்கிருந்து வலம் வருவது போல நடந்தால் கதை வரிசை தப்பாது. நம் பிராகாரச் சுற்றும் அதே திசைதான்.

பெயர்களைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ப்ரா ராம், ப்ரா லக், நாங் சீதா, இவர்கள் மூவரும் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. ராமர் பச்சை, இலக்குவன் பொன்னிறம், அனுமான் வெள்ளை. இராவணனுக்குத் தோட்சகன் என்று பெயர், தசகண்டன் என்பதன் திரிபு. அவனும் பச்சை, ஆனால் அரக்க முகம். பிபேக் விபீடணன். இந்தரசித், கும்பகன் யாரென்று நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

கதை நாம் அறிந்ததிலிருந்து விலகும் இடங்களில்தான் சுவை. இங்கே சீதை தோட்சகனுக்கும் மண்டோதரிக்கும் பிறந்த மகள். இவளால் குலம் அழியும் என்று பிபேக் கணித்துச் சொன்னதால் பேழையில் வைத்து ஆற்றில் விட்டுவிடுகிறார்கள். அனுமான் இங்கே பிரம்மச்சாரி இல்லை. சேதுவுக்குப் போடும் கற்களை மீன்கள் இரவோடு இரவாக எடுத்துக்கொண்டு போகின்றன. அவற்றை ஏவுகிறவள் இராவணனின் மகளான சுவர்ணமச்சா, பொன் மீன். அவளைத் தடுக்கக் கடலுக்குள் பாய்ந்த அனுமான் அவள்மேல் காதல் கொள்கிறான். அவர்கள் பிள்ளை மச்சானு, குரங்கு உடம்பும் மீன் வாலும் உள்ளவன்.

அம்மா நின்ற இடம் இதற்குப் பின்னால் வரும். ஓர் ஓவியத்தில் அனுமான் மலைபோல வளர்ந்து, இராமர் உறங்கும் கூடாரத்தையே வாய்க்குள் வைத்துக் காவல் காக்கிறான். பாதாளத்து அரக்கன் மையராப் மயக்கப்பொடி ஊதி எல்லோரையும் தூங்கவைத்து இராமரைத் தூக்கிப் போகிறான். தேடிப்போகும் அனுமானைப் பாதாள வழியில் தடுத்து நிற்கும் காவலன் மச்சானு. அப்பனும் பிள்ளையும் யாரென்று தெரியாமல் சண்டை போடுகிறார்கள். நம் ஊர் மயில்ராவணன் கதையில் மச்சவல்லபன் என்று வருபவன் இவன்தான். கம்பனிலும் வால்மீகியிலும் இல்லாத கதை, பாட்டிகள் வாயிலும் கூத்து மேடையிலும் பிழைத்த கதை, இங்கே அரசனின் கோயில் சுவரில் தங்கத்தோடு எழுதியிருக்கிறது. அதைப் பார்த்து அம்மா பேசாமல் நின்றதை நான் மறக்க மாட்டேன்.

கதையின் பெரிய காட்சிகளை மட்டும் பார்த்துக்கொண்டு போகாதீர்கள். போருக்கு நடுவே, கோட்டைச் சுவருக்கு இந்தப் பக்கம், சமைக்கிறவர்கள், குழந்தையைத் தூக்கி வைத்திருப்பவர்கள், சூதாடுகிறவர்கள், படைக்கு வாய் பிளந்து வேடிக்கை பார்ப்பவர்கள் என்று சாமானிய மக்கள் நிறைய இருப்பார்கள். ஓவியர்கள் தங்கள் காலத்து பாங்காக்கை அங்கே வைத்துவிட்டார்கள். கூடக் குழந்தைகள் வந்தால் அவர்களிடம் இந்த ஆட்களைத் தேடச் சொல்லுங்கள், சலிக்கவே சலிக்காது.

கோயிலின் வாசல்களில் ஜோடி ஜோடியாகப் பன்னிரண்டு அரக்கர்கள் கதாயுதத்தோடு நிற்பார்கள். உயரம் ஐந்து மீட்டர் வாக்கில். சுவரில் நீங்கள் பார்த்த அதே ஆட்கள்தான். தோட்சகனைப் பத்து முகத்தை வைத்து அடையாளம் காணலாம். எல்லோருடைய பார்வையும் புத்தர் மண்டபத்தை நோக்கியே இருக்கும். கதையில் தோற்ற அரக்கர்களுக்குக் காவல் பொறுப்பு கொடுத்து மரியாதையோடு நிறுத்தியிருக்கிறார்கள்.

அரண்மனைப் பக்கம்

கோயிலிலிருந்து வெளியே வந்தால் புல்வெளி, அதற்கு அப்பால் சக்ரி மகா பிரசாத். ஐந்தாம் ராமா காலத்தில் 1876 முதல் 1882 வரை கட்டியது. உடம்பு ஐரோப்பிய மாளிகை, தலை தாய்லாந்துக் கோபுரம். வரைந்தவர் ஜான் கிளூனிஸ் என்ற ஆங்கிலேயர். மேலே ஐரோப்பியக் குவிமாடம் வைப்பதாகத்தான் முதலில் யோசனை. பிறகு மூன்று கூம்புகளோடு தாய்லாந்துப் பாணிதான் வேண்டும் என்று முடிவானது. ‘கிரீடம் வைத்த வெள்ளைக்காரன்’ என்று ஊர்க்காரர்கள் பெயர் வைத்துவிட்டார்கள். உள்ளே பெரும்பகுதிக்கு அனுமதி இல்லை. காவலர்கள் பக்கத்தில் நின்று படம் எடுக்கலாம், அவர்களைத் தொட வேண்டாம்.

அதற்கு மேற்கே சிலுவை வடிவில் நிற்பது துசித் மகா பிரசாத். அரச குடும்பத்தில் மறைந்தவர்களின் உடலை இங்கேதான் வைப்பார்கள். எழுபது ஆண்டுகள் ஆண்ட ஒன்பதாம் ராமா பூமிபோல் 2016-இல் மறைந்தபோது, ஓராண்டு காலம் கறுப்பு உடுத்திய மக்கள் வரிசை இங்கே வந்துகொண்டே இருந்தது. அந்த மண்டபத்துக்கு முன்னால் குரலைத் தாழ்த்திப் பேசுங்கள். பொதுவாகவே அரசர், அரசி படங்களைப் பற்றி விளையாட்டாகப் பேசுவதும், பணத்தாளைக் காலால் மிதிப்பதும் கூடாது. சட்டப்படியும் கடுமையான குற்றம், மக்கள் மனமும் புண்படும்.

மண்டபத்தின் ஓரத்தில் மேடைமேல் ஒரு சிறு மரக்கூடம் இருக்கும். அரசர் பல்லக்கில் ஏறும் முன் உடை மாற்றும் இடம். வளாகத்திலேயே எனக்கு மிக அழகாகத் தெரிவது அதுதான்.

வெளியேறும் முன் ராணி சிரிகிட் துணி அருங்காட்சியகம். குளிரூட்டிய அறைகள். பட்டு நெசவில் ஆர்வம் உள்ளவர்கள், குறிப்பாகக் காஞ்சிப் பட்டை விரலால் தடவிப் பார்த்தே தரம் சொல்லும் அத்தைகள் வீட்டில் இருந்தால், அரை மணி நேரம் விடுங்கள்.

சாப்பாடு

தா சாங் துறைப் பக்கமும் அதையடுத்த தா மகாராஜ் பக்கமும் கடைகள் உண்டு. சைவம் சாப்பிடுகிறவர்கள் ‘ஜே’ என்ற ஒரு சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள். இறைச்சி, மீன், முட்டை, பால், வெங்காயம், பூண்டு எதுவும் இல்லாத உணவு அது. மஞ்சள் துணியில் சிவப்பு எழுத்து வைத்த கடை ஜே கடை. வெறும் ‘காய்கறி’ என்று கேட்டால் மீன் சாறு ஊற்றித்தான் தருவார்கள், அது அவர்களுக்கு உப்பு மாதிரி. மாம்பழமும் தேங்காய்ப்பால் ஊற்றிய பசைச் சோறும் கிடைத்தால் விடாதீர்கள்.

மதியத்துக்கு மேல்

கால் தாங்கினால் தெற்கே வாட் போ. 46 மீட்டர் நீளப் படுத்த புத்தர், பாதத்தில் முத்துச்சிப்பி பதித்த 108 மங்கலச் சின்னங்கள். அதற்கு எதிரே தா தியன் துறையிலிருந்து சில பாட் கொடுத்தால் அக்கரையில் வாட் அருண். ஆனால் ஒரே நாளில் மூன்றையும் திணிப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அவற்றை மறுநாளைக்கு வைத்துவிட்டு, கையில் உள்ள டிக்கெட்டோடு சாலா சலெர்ம்கிருங் அரங்குக்குப் போங்கள். கோன் நாடகம் வார நாட்களில் நடக்கும், அரை மணி நேரத்துக்குள் முடியும். காட்சி நேரத்தை அரண்மனை வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். காலையில் சுவரில் பார்த்த அனுமானும் தோட்சகனும் முகமூடியோடு எழுந்து வந்து ஆடுவார்கள். சுவரைப் பார்க்காமல் இந்த ஆட்டத்துக்கு வந்தால் பாதிதான் புரியும்.

அரங்கிலிருந்து வடக்கே பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் சாவோ சிங்சா, சிவப்பு வண்ணம் பூசிய மிக உயர்ந்த தேக்கு ஊஞ்சல் சட்டம். இதில் முன்பு பிராமணர்கள் ஆடிய ஊஞ்சல் விழா 1935-இல் நின்றது. அருகில் தேவசதான், 1784-இல் கட்டிய சிவன், விநாயகர், திருமால் சன்னிதிகள். அரசவையின் சடங்குகளைச் செய்யும் பிராமணர்களின் கோயில். மார்கழி, தை வாக்கில் இவர்கள் நடத்தும் விழாவுக்குத் திரியம்பவாய் – திரிபவாய் என்று பெயர். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: திருவெம்பாவை, திருப்பாவை. மாணிக்கவாசகர் பாடிய வரிகளை, உச்சரிப்பு உருமாறி, பொருள் மறந்து, ஆனால் விடாமல் இன்றும் அங்கே ஓதுகிறார்கள்.

தெருவுக்கு எதிரே வாட் சுதத் கோயில் சுவரோரம் நிழல் இருக்கும், உட்கார்ந்து கொஞ்சம் ஓய்வெடுங்கள். திரும்பிப் போக, வந்த வழியே தெற்கே நடந்தால் சாம் யோட் சுரங்க ரயில் நிலையம். மாலை ஐந்துக்கு மேல் ரயிலில் நெரிசல் அதிகம், அதற்கு முன் ஏறிவிடுவது நல்லது.